யாரோ உயர்த்திய வண்டி

நோரீனின் கணவன் ஆர்லினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் மலையிறங்கி டவுனுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் உயிர். அவர்கள் வீட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஓர் ஓடை. பாலம் கிடையாது. மொன்டானாவில் எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அப்படித்தான், தண்ணீரில் இறங்கி ஏறித்தான் போவோம்.

அந்த நவம்பரில் பனி பெய்து, உருகி, மறுபடியும் பெய்து ஓடை பெருத்துவிட்டது. அவர்களுடைய பழைய கார் நடுத்தண்ணீரில் நின்றுபோனது. அன்றைய டயாலிசிஸும் போயிற்று. மறுநாள் காலையில் ஆர்லினின் கண்ணிமைகள் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் நோரீன் பக்கத்து வீட்டிலிருந்த என்னைக் கூப்பிட்டாள். நான்தான் என் டிராக்டரில் ஏற்றி அவனை அக்கரை சேர்த்தேன்.

அவளுடைய தம்பி வேட் டவுனில் வண்டிப் பட்டறை வைத்திருந்தான். ஓடையைத் தாண்ட உயரமான பிக்கப் வண்டி வாங்கப் போகிறேன் என்று அவள் சொன்னதுமே அவன் ஆரம்பித்துவிட்டான்.

"வாங்கு, வேணாங்கல. ஆனா கம்பெனியிலேர்ந்து வந்த உயரத்துலயே வாங்குக்கா. நான் தூக்கித் தர்றேன். ஏற்கெனவே தூக்கின வண்டி வேணாம். எவன் தூக்கினான், எதை வச்சுத் தூக்கினான்னு யாருக்குத் தெரியும்?"

"எப்ப செஞ்சு தருவே?"

"சாமான் வரணும். பட்டறை நிறைய வண்டி நிக்குது. கிறிஸ்துமஸ் கழிச்சு…"

"அதுவரைக்கும் உடம்புல விஷம் ஏறாம பாத்துக்கோன்னு உன் மாமாகிட்ட நீயே சொல்லிடு."

அந்த வாரமே வாங்கிவிட்டாள். கறுப்பு வண்டி, ஆள் இடுப்புக்கு டயர். விற்ற பையனிடம் யார் உயர்த்தியது என்று கேட்டாள். "பிரெண்டு ஒருத்தன். நல்லாத்தான் ஓடுது, மேடம்" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அதை அவள் கவனிக்கத்தான் செய்தாள். ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்டாள். வேட் கேள்விப்பட்டு, "உன் இஷ்டம்" என்று போனை வைத்துவிட்டான்.

டயாலிசிஸ் நாள் விடிந்தது. ஆர்லினால் வண்டியில் ஏற முடியவில்லை.

"ஏணி எங்கடி?"

"பேசாம காலைத் தூக்கு."

தோளை அவன் தொடைக்கு அடியில் கொடுத்து உந்தி ஏற்றினாள். எதற்கும் இருக்கட்டும் என்று நான் டிராக்டரோடு கரையில் நின்றேன். வண்டி ஓடையில் இறங்கியது, தண்ணீர் கதவைக்கூடத் தொடவில்லை. அக்கரையில் ஏறி ஹாரன் அடித்தாள். நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். மீதி அவள் சொன்னது.

நெடுஞ்சாலையில் வேகமெடுத்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டியரிங் துள்ள ஆரம்பித்தது. அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பதுபோல் துள்ளல். முன்பக்கம் முழுக்க உதறியது. பின்னால் மர லாரி ஒன்று ஹாரனை அமுக்கியபடி வந்தது. பிரேக்கை மிதித்தால் கவிழ்ந்துவிடுமோ என்று பயந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டு இறுக்கிப் பிடித்தாள். வேகம் குறைந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் உதறல் அடங்கியது. ஓரங்கட்டினாள்.

"நின்னுட்டோமா?" என்றான் ஆர்லின்.

"நின்னுட்டோம்."

"அப்ப கையை எடு. உடைச்சிடப் போற."

தம்பியைக் கூப்பிட்டாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். "மாமா எப்படி இருக்காரு?" என்றுதான் அவன் முதலில் கேட்டான். பிறகு, எஞ்சினை ஓடவிட்டு மாமாவை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல், முன்னால் குனிந்து, குறுக்கே போகும் கம்பியின் முனையைப் பார் என்றான். அவள் பனியில் படுத்துப் பார்த்தாள். வண்டியின் அடிச்சட்டத்தில் கம்பியைப் பிடித்திருந்த போல்ட், ஓட்டைக்குள் பல் ஆடுவதுபோல் ஆடியது.

"ஆடுதுடா."

"ஓட்டாதே. நான் வர்றேன்."

"நேரத்துக்குப் போகலேன்னா டயாலிசிஸ் நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"நான் பேசிக்கிறேன். நீ ஓட்டாதேக்கா. கெஞ்சிக் கேக்கறேன்."

காத்திருந்தார்கள். ஆர்லினின் கால்சட்டையை உயர்த்தி, கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தாள். நீர் கோத்த காலில் குழி விழுந்தது, நிரம்பவே இல்லை. மெதுவாகப் போனால் உதறவில்லையே, ஓரமாகவே உருட்டிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது. சாவியைத் தொட்டாள்.

"போயிடலாம்னு தோணுதா?" என்றான்.

"ம்."

"எனக்கும்தான். சாவிய இங்க குடு."

உருவி வாங்கித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். எதிரே தெரிந்த ஒவ்வொரு வண்டியையும் வேட்டுடையது என்று நினைத்தாள். ஒவ்வொன்றும் தாண்டிப் போயிற்று.

ஒருவழியாக அவன் வந்தான். மாமாவைத் தன் வண்டிக்கு மாற்றி மூன்று பேரும் பறந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது கடைசி நாற்காலிதான் மிச்சம். ஊசி ஏறி ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்த பிறகுதான் நோரீன் உட்கார்ந்தாள்.

வண்டியை இழுத்து வந்து பட்டறையில் பிரித்தபோது வேட் அவளைக் கூப்பிட்டுக் காட்டினான். உயர்த்தியவன் அந்தக் கம்பிக்கு வேண்டிய மாற்றுச் சாமானே போடவில்லை. புதிதாக ஓர் ஓட்டை போட்டு, அதைவிட மெலிந்த போல்ட்டைச் செருகியிருந்தான். பின்பக்கம் உயரத்துக்காக இரும்புக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தான்.

"நான் அப்பவே சொன்னேன்னு சொல்லிடுடா," என்றாள். "வாய் வரைக்கும் வந்துடுச்சில்ல."

"என்னத்த சொல்றது? எனக்காகக் காத்திருந்தா மாமா இன்னைக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான். என் வண்டியக் குடுத்துட்டு உன் வண்டிய வாங்கிச் செஞ்சிருக்கலாம். கோவத்துல தோணல."

மற்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டு அதையே எடுத்தான். கட்டைகளைக் கழற்றி, சரியான சாமான் போட்டு, உயரத்தைப் பாதியாகக் குறைத்தான். ஓடைக்கு அது போதும், மாமாவுக்கும் கால் எட்டும் என்றான். முடியும்வரை அவனுடைய வண்டியும் என் டிராக்டரும் ஓடின.

இப்போதும் ஆர்லின் அதில்தான் போய்வருகிறான். உதறல் திரும்ப வரவில்லை. ஆனால் நோரீன் அந்த வண்டியில் ரேடியோ போடுவதில்லை. திரும்பும் வழியில் அவன் களைத்துத் தூங்கிவிடுவான். அவள் இரு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்து வரும் ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டபடியே ஓட்டுவாள்.