நான்கில் மூன்று

1

இந்தக் கதை நான் கற்பனை செய்தது இல்லை. என் நாத்தனாரிடமிருந்து பிடுங்கியது. வானிலை அலுவலகத்தில் மூன்று மாத மழையை முன்கூட்டிச் சொல்வது அவள் வேலை. "எழுதுங்க அண்ணி. ஆனா என்னைப் பெரிய ஆளாக்கிடாதீங்க" என்றாள். வாக்குக் கொடுத்தேன். காப்பாற்றினேனா என்று நீங்களே பாருங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பெருங்கடல் பெருமூச்சு விட்டது. எங்கோ ஒரு மலை

அடித்துவிட்டேன். கடல் பெருமூச்செல்லாம் விடாது. சில வருடங்களுக்கு ஒருமுறை அதன் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும். நீர் சூடானால் அதன் மேல் வீசும் காற்று தடம் மாறும். காற்று தடம் மாறினால், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, கடலையே பார்த்திராத ஒரு மலைக்கு மேகம் வந்து சேராமல் போகலாம்.*

* இது என் மண்டையில் ஏறியது மூன்றாவது தடவைதான். அதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

3

சில வருடங்களுக்கு முன் கடல் அப்படிச் சூடேறியது. நாத்தனார் பழைய பதிவேடுகளைப் புரட்டினாள். அதற்கு முன் கடல் இப்படிச் சூடான வருடங்கள் பன்னிரண்டு. ஒன்பதில் மலையில் மழை பொய்த்திருந்தது. மூன்றில் நன்றாகவே பெய்திருந்தது. 'மழை குறைய நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு' என்று அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் நீட்டினாள்.

(அவரை வில்லனாக்க இரண்டு நாள் முயன்றேன். தொந்தி, முறுக்கு மீசை எல்லாம் வைத்துப் பார்த்தேன். உண்மையில் ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். பயந்தவர், அவ்வளவுதான். பயந்தவரை எழுதுவதுதான் கடினம்.)

"'இயல்பான மழை'ன்னு போட்டுடலாமே. ஊரைக் கலவரப்படுத்தி நமக்கு என்னம்மா ஆகப்போகுது?"

"அப்படிப் போட்டா மலையில எல்லாரும் நீண்டகாலப் பயிர் விதைப்பாங்க சார். மழை ஏமாத்துச்சுன்னா விதையும் போச்சு, வருஷமும் போச்சு."

"பெஞ்சுடுச்சுன்னா?"

"பெய்யவும் பெய்யலாம். அதையும் எழுதியிருக்கேன்."

"ரெண்டையும் சொல்றதுக்கு நாம எதுக்கு?"

"ரெண்டும் சமம்னு நான் சொல்லல சார். இயல்புன்னு போட்டா அதுல என் கையெழுத்து இருக்காது."

'இயல்பான மழை' என்று, அவள் கையெழுத்து இல்லாமலேதான் அறிக்கை போனது. அவள் சும்மா இருக்கவில்லை. மலையில் தினமும் மழைமானி பார்த்து அளவு சொல்லும் அம்மாளைக் கூப்பிட்டு, பன்னிரண்டு வருடக் கணக்கையும் ஒப்பித்தாள். அந்த அம்மாள் ஊரில் சொன்னார். பாதி நிலத்தில் குறைந்த மழைக்கும் தாங்கும் குறுகியகாலப் பயிர் போட்டார்கள்.

4

இங்கே எனக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது.

மழை பொய்த்தது. மேலதிகாரி தலைகுனிந்தார். நாத்தனார் ஜன்னலோரம் நின்று

வாசித்துக் காட்டினேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"நான் சொன்னது சரின்னு ஆகறதுக்கு அவங்க வயல் காயணுமா அண்ணி? மூணு மாசமும் என் வாக்கு பொய்யாகட்டும்னுதான் வேண்டிக்கிட்டேன்."

கிழித்துப் போட்டேன்.

5

நடந்தது இதுதான். மழை கொட்டித் தீர்த்தது. அலுவலகத்தில் அவளைக் கண்டாலே, "குடை எடுத்துட்டு வந்தீங்களா?" என்று சிரித்தார்கள். மலை ஊரை வீணாகக் கலவரப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'நான்கில் ஒன்று நடந்தது. அதுவும் என் அறிக்கையில் இருந்தது' என்று பதில் எழுதினாள். பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள்.

மழைமானி அம்மாள் கூப்பிட்டார். "பாதி நிலத்துல விளைச்சல் கம்மி. எங்க வீட்டுக்காரர் உன்னைத் திட்டித் தீத்துட்டாரு."

"மன்னிச்சுடுங்கம்மா, நான்..."

"அதெல்லாம் வேணாம். அடுத்த தடவையும் மறைக்காம சொல்லு. எதை விதைக்கறதுன்னு நாங்க பாத்துக்கறோம்."

போனை வைத்த பிறகுதான் அவள் அழுதாளாம். (இதை எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன்.)

6

இந்த வருடம் கடல் மறுபடி சூடாகிறது. பதிவேட்டு அறையில் உட்கார்ந்தே அவள் கணக்குப் போட்டுவிட்டாள். தன்னைக் கேலிக்கு ஆளாக்கிய வருடத்தையும் சேர்த்துக்கொண்டு: பதின்மூன்றில் ஒன்பது. இன்று காலை அந்தத் தாளோடு, யாரும் கூப்பிடாமலேயே மேலதிகாரியின் அறைக்குள் போயிருக்கிறாள்.

அவர் வாங்கிக்கொள்வாரா? மழை வருமா? எழுத மாட்டேன். பெய்தாலும் பொய்த்தாலும் அவள் உள்ளே போனது சரிதான். அதற்கு மேல் ஒரு முடிவு வேண்டும் என்பவர்கள் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். 'இயல்பு' என்று மட்டும் எழுதாதீர்கள்.