காலடியில் இரண்டு மவுஸ்

சின்னமனூரில் அழகரண்ணன் கடையில் நான்தான் பிளக்ஸ் பேனர் டிசைனர். மவுஸைக் கை மாற்றி மாற்றிப் பிடித்தே இரண்டு மணிக்கட்டும் வீங்கிவிட்டன. கம்ப்யூட்டரைக் கையால் தொடவே கூடாது என்றார் டாக்டர்.

வேலையை விடுகிற ஆள் நானில்லை. ஆயுதபூஜைக்கு முந்தின நாள் இரண்டு மவுஸ்களைத் தரையில் வைத்தேன். வலது காலால் ஒன்றை நகர்த்தினேன், இடது கால் பெருவிரலால் மற்றதை அமுக்கினேன். திரையில் அம்பு ஓடியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மதியத்துக்குள் ஒரு காதுகுத்து பேனருக்குப் போட்டோவெல்லாம் அடுக்கிவிட்டேன்.

அண்ணன் பார்த்துவிட்டார்.

"ஏத்தா கயல், சரசுவதியக் காலால மிதிக்கிறியா? எடு அத."

எனக்குச் சுர்ரென்று ஏறியது; மவுஸ்களை எடுக்கவில்லை. மறுநாள் பூஜை முடிந்ததும் பக்கத்துத் தையல் கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். அங்கே தையல் மெஷினின் மிதிகட்டையிலும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள்.

"இதுவும் காலால மிதிக்கிறதுதானண்ணே. இதுக்குப் பொட்டு வச்சிருக்காகளே?"

அவர் நேரே எங்கள் கடைக்குத் திரும்பினார். சந்தனக் கிண்ணத்தோடு வந்து, மேசைக்கு அடியில் குனிந்து, இரண்டு மவுஸுக்கும் பொட்டு வைத்தார். எழுந்தபோது என் பாதங்களைப் பார்த்தார்.

"நாளைக்கு வாறப்ப காலக் கழுவிட்டு உக்காரு."