லாரிக் கடைக்கு வழி

நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு சுற்று முடிந்து மறு சுற்று தொடங்குவதற்குள் கிடைத்த இடைவெளியில் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, அந்த லாரிக் கடை எங்க இருக்குன்னு அண்ணன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே. நீங்களாவது சொல்லுங்க."

"அப்புறம் சொல்றேன்" என்றாள் அவள்.

காலையிலிருந்து இது மூன்றாவது விசாரணை. பக்கத்து வீட்டு நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். மாடி வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அப்படியே கடையையும் விசாரித்துவிட்டுப் போவதில் தப்பில்லை. விலைவாசி அப்படி.

முன்னறைக் கட்டிலில் அவள் கணவர் படுத்திருந்தார். தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருடம் ஸ்டோர் கீப்பர்; அதனால் எல்லோருக்கும் ஸ்டோர்க்காரர். நேற்று இரவு அடுத்த வாரத்து மளிகை லிஸ்டை எழுதிக்கொண்டிருந்தவர், உருளைக்கிழங்குக்கும் எண்ணெய்க்கும் நடுவில் மேஜைமேல் தலையைச் சாய்த்தார். கண் அசந்துவிட்டார் என்று நினைத்து அவள் மேஜை விளக்கை அணைத்தாள். மின்சாரம் வீணானால் அவருக்குப் பிடிக்காது.

வண்டி மூன்று மணிக்கு வரும். அதுவரை நேரத்தைக் கொல்ல வேண்டும் அல்லவா? அந்தப் பொறுப்பை ஓய்வு பெற்றோர் சங்கத் தலைவர் ஏற்றுக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் நின்று, இரண்டு தாள் இரங்கலுரையை வாசித்துக்கொண்டிருந்தார். முதல் தாளில் பாதி, தலைவர் அந்தப் பதவிக்கு வந்த வரலாறு.

"விலைவாசி விண்ணை முட்டும் இந்நாளில், வாரச் செலவு இவ்வளவுதான் என்று கோடு கிழித்து, அந்தக் கோட்டைப் பதினோரு ஆண்டுகள் தாண்டாத கொள்கைக் குன்று! சிக்கனச் செம்மல்! அன்னாரின் முறையைச் சங்கம் புத்தகமாக வெளியிடும். பின்னட்டையில் லாரிக் கடையின் முகவரியும், போகும் வழியும் படத்துடன் இடம்பெறும் என்பதையும் இத்தருணத்தில்..."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அன்னாரின் முறை அங்கே சுவரில் ஒட்டியிருந்தது. திங்கள் முட்டைக்கோஸ், செவ்வாய் பயறு, புதன் உருளை என்று ஏழு நாளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்று ஒரு விலை. அவர் ஸ்டோர் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்த வருடத்து விலை அது. அதன்பிறகு உலகம் செய்த தவறுகளுக்கு அவர் பொறுப்பாளி அல்ல.

முதலில் அவரேதான் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்ததும் லிஸ்ட் மட்டும் அவருடையது, நடை அவளுடையது என்று ஆயிற்று. முதல் மாதம் அவள் வெங்காயத்தின் உண்மை விலையைச் சொன்னாள். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "விலை ஏறினா வாய் இறங்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் தட்டில் பாதியைத் திரும்பப் பானையில் போட்டார். மூன்று வாரம் அப்படியே சாப்பிட்டார். சட்டை, ஆணியில் மாட்டியது போலத் தோளில் தொங்கியது.

நாலாவது வாரம் அவள் வந்து சொன்னாள்: பழைய ரயில் கிடங்குக்குப் பின்னால் ஒரு கடை, லாரியிலிருந்து நேராக இறக்குகிறார்கள், உங்கள் விலைக்கே கொடுக்கிறான். அன்று அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார். மறுநாள் சங்கத்தில் போய் அந்தக் கடையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

கடை ரொம்ப தூரம். போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த இரண்டு மணி நேரமும் அவள் அடுத்த தெருத் தையற்காரரின் பின்னறையில் உட்கார்ந்து ஓரம் மடித்தாள், பட்டன் கட்டினாள். அந்தக் கூலியைச் சேர்த்து முனைக் கடையில் ஊர் விலைக்கு வாங்கிக்கொண்டு, நாலு நிமிட நடையில் வீடு வந்தாள். முகத்தைக் களைப்பாக வைத்துக்கொள்ள நடிக்க வேண்டியிருக்கவில்லை. களைப்பு சொந்தச் சரக்கு.

"அத்தை."

மருமகள் நின்றிருந்தாள். ஒரு கையில் பை, மறு கையில் மாமனார் பாதியில் விட்ட லிஸ்ட். பின்னாலேயே மகன்.

"வண்டி போய்ட்டு வந்ததும் இருபத்தஞ்சு பேர் சாப்பிடணும்மா. லாரிக் கடைக்கு இவளை அனுப்பறேன். அப்பாவே விலையெல்லாம் எழுதி வெச்சிருக்காரு பாரு." அவன் குரல் தழுதழுத்தது. பிறகு மனைவி பக்கம் திரும்பியதும் தெளிந்தது. "இதுக்கு மேல ஒரு காசு குடுக்காத. இனிமே நம்ம வீட்டுலயும் இதுதான். அப்பா பண்ணிக் காட்டினாரு. நம்மால முடியாதா?"

அந்த 'நம்மால'வில் அவன் சேர்த்தி இல்லை என்பது மருமகளுக்குத் தெரியும். பள்ளி அலுவலகத்தில் டைப் அடித்துவிட்டு ஆறு மணிக்கு வீடு வந்து அடுப்பைப் பற்ற வைக்கிறவள் அவள். அவன் முன்னறைக்குப் போனதும் லிஸ்டைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

"இந்த விலைக்கு எங்க பக்கம் வெங்காயத் தோல்கூட வராது அத்தை. எந்த பஸ் ஏறணும்? வழி சொல்லுங்க."

முன்னறையில் தலைவர் இரண்டாவது தாளுக்கு வந்திருந்தார். சொன்னால் செம்மல் பட்டம் அந்தக் கட்டிலிலேயே செத்துப்போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணும் ஏதாவது ஒரு பின்னறையைத் தேடிக்கொள்ளும்.

"அப்படி ஒரு கடை இல்லம்மா."

வெளியே கைதட்டல் எழுந்தது. சாவு வீடு என்று நினைவு வந்து பாதியில் நின்றது.

"இல்லன்னா? மூடிட்டாங்களா?"

"தொறக்கவே இல்ல."

சொன்னாள். தையற்காரர் பின்னறை, ஓரம், பட்டன், எல்லாம். நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை வருடத்துக்கு அது ரொம்பக் கம்மி என்று அவளுக்கே தோன்றியது.

"மாமாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையை எடுத்தபோது முகம் தீவிரமாக இருந்தது. தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்ப நானும் ரெண்டு மணி நேரம் எங்கயாவது உக்காந்துட்டு வரணுமா அத்தை?"

கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள். மனசுக்குள் இடம்கூடப் பார்க்கத் தொடங்கியிருப்பாள்.

"வேணாம்" என்றாள் அவள். சொன்ன குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "முனைக் கடைக்குப் போ. என்ன விலையோ அதைக் குடு. பத்து நிமிஷத்துல வந்துடு. பின்பக்கமா வராத, முன்வாசல் வழியா வா. பில்லை அவன் கையிலயே குடு."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு பையும் கனக்க மருமகள் முன்னறைக்குள் வந்தபோது பேச்சு நின்றது.

"என்ன அதுக்குள்ள வந்துட்ட?" மகன் பில்லை வாங்கிப் பார்த்தான். "இது முனைக் கடையாச்சே! இந்த விலைக்கு யாராவது வெங்காயம் வாங்குவாங்களா? அப்பா இருந்திருந்தா..."

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் அவள், அடுப்படி வாசலிலிருந்து. "நான் எப்பவும் அங்கதான் வாங்குவேன்."

"எப்பவுமா?"

"எப்பவும். அந்த விலைக்குத்தான்."

மகன் பில்லைப் பார்த்தான். லிஸ்டைப் பார்த்தான். பிறகு கட்டிலைப் பார்த்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். முன்னேற்பாடாகப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "அப்போ... அந்த லாரிக் கடை முகவரி?"

"முனைக் கடைன்னு போட்டுக்கோங்க."

தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நாத்தனார் அழுவதற்காக எடுத்த துணியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணனுக்குத் தெரியாமயா அண்ணி?"

"அவர் வயிறு நிறைய சாப்பிட்டாரு" என்றாள் அவள். திரும்பி அடுப்படிக்குப் போய் பெரிய பானையை இறக்கிக் கழுவத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்து மகன் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கத்தியை எடுத்து, வெங்காயம் உரிக்க ஆரம்பித்தான். அவனுக்கு அது பழக்கமில்லை. மேல்தோலோடு நல்ல சதையும் இரண்டு அடுக்கு போயிற்று. அடுத்ததிலும் அப்படியே. அவள் பானையைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தாள். தோல் குவிந்துகொண்டிருந்தது.

அவள் பையிலிருந்து இன்னும் இரண்டு வெங்காயத்தை எடுத்து அவன் பக்கம் உருட்டிவிட்டாள்.