மாரீஸ்வரி இளைத்தது

கூடலூர் ஜீப் ஸ்டாண்டை ஒட்டி இட்லிக்கடை வைத்திருந்த மாரீஸ்வரி, நாற்பது வயதுக்குள் பெரிய உடம்புக்காரி ஆகிவிட்டாள். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் அவளிடம்தான் இட்லி வாங்கித் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு ஜீப் ஏறுவார்கள். அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுபவன் அவள் புருஷன் நல்லகண்ணு.

"எம் பொண்டாட்டிய மட்டும் ஏத்த மாட்டேன். டயரு வெடிச்சிரும்" என்று அவள் காதுபடவே சொல்வான். ஜீப்பே சிரிக்கும். அவளும் கூடச் சிரித்துக்கொண்டு சட்னி ஊற்றுவாள்.

2005ஆம் வருடம் அவளுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. கம்பத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனாள். ரத்தத்தில் சர்க்கரை முந்நூறுக்கு மேல் இருந்தது.

"என்னம்மா சாப்பிடுறீங்க?"

"காலையில இட்லி. மிஞ்சிப்போனா மத்தியானமும் அதுதான். பொழுதடைஞ்சா சோறு."

"உங்க கடைதான் உங்களுக்கு எமன். மாத்திரை தர்றேன், ஆனா மாத்திரையால மட்டும் ஆகாது. சோறு, இட்லி, பரோட்டா, கிழங்கு எல்லாத்தையும் கிட்டத்தட்ட விட்டுருங்க. முட்டை, மீன், கீரை, காய், மோர், இதுல வயித்தை நிரப்புங்க. விடாம வந்து காட்டணும்."

இட்லி விற்கிறவள் இட்லி தின்னாமல் இருப்பது லேசா? முதல் சில நாட்கள் தலை கிறுகிறுத்தது. இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போதெல்லாம் ஆவியோடு சேர்ந்து அவள் உயிரும் மேலே போய் வந்தது. ஒருநாள் யாரும் இல்லாத நேரம் ஒரு இட்லியைப் பிய்த்து வாய்வரை கொண்டுபோனவள், அழுதுகொண்டே அதைக் கழனிப்பானையில் எறிந்தாள். இரண்டு முட்டையை அவித்துத் தின்றுவிட்டு மாவாட்டப் போனாள்.

ஆறு மாதத்தில் கண் தெளிந்தது. முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. சர்க்கரை நூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியதைப் பார்த்து டாக்டர் அவள் தோளைத் தட்டி, மாத்திரையைப் பாதியாக்கினார். அன்று ஊர் திரும்பியவள் நேராக ஸ்டாண்டுக்குப் போய், புருஷனின் ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எடுங்க, வெடிக்குதான்னு பாப்போம்."

குமுளி வரைக்கும் போய் வந்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

வருடம் திரும்புவதற்குள் பாதி ஆளாகிவிட்டாள். கன்னம் ஒட்டியது, காறை எலும்பு தெரிந்தது, கையில் தோல் தொங்கியது. அந்த வருடங்களில் ஒருவர் இளைத்தால் அதற்கு ஊர் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருந்தது. லாரி ஓட்டியவர்களும் அவர்கள் பெண்டாட்டிகளும் இளைத்து இளைத்துச் செத்ததை ஜனங்கள் பார்த்திருந்தார்கள். எய்ட்ஸ் என்று பேரைச் சொல்லக் கூசி, 'அந்த நோக்காடு' என்பார்கள். நல்லகண்ணும் முன்னால் லாரி ஓட்டியவன்தான்.

அவனுடைய அக்கா அக்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "சக்கரைன்னு சொல்லிக்கிறா. சக்கரைக்கு எவளாச்சும் இப்பிடி உருகுவாளா?"

அவ்வளவுதான். தோட்டத்துப் பெண்கள் தள்ளி நின்றார்கள், பிறகு எதிர்க்கடைக்குப் போனார்கள். ஈடு ஈடாக அவித்த இட்லி மாட்டுத்தொட்டிக்குப் போனது. நல்லகண்ணு ஜீப்பிலும் ஆள் குறைந்தது. டீக்கடையில் வைத்து நாலு பேர் அவனிடம் நேராகவே கேட்டுவிட்டார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா, டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டேன்" என்றான். அவன் எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை. "அவளுக்கு எங்கன தொத்துச்சோ, யாரு கண்டா?"

சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு மாரீஸ்வரியிடம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே மறித்தாள்.

"நான் வாயக் கட்டி வயித்தக் கட்டி இளைச்சது ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அதுக்கு என்ன செய்யச் சொல்ற? ஒரு பொம்பளையும் ஜீப்புல ஏற மாட்டேங்குது. ரெண்டுல ஒருத்தர் பேரு கெட்டுத்தான் ஆகணும்னா, வெளிய போயி வர்ற எம் பேரு கெடணுமா?"

சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனான்.

அவள் கம்பம் போய் அந்த டெஸ்ட்டையும் எடுத்தாள். நோய் இல்லை என்று வந்தது. காகிதத்தைக் கடையில் சாமி படத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி ஒட்டினாள். "காசு குடுத்தா எது வேணாலும் எழுதித் தருவாக" என்று பார்த்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மகள் சுருளியம்மாளுக்கு வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்யும் வீட்டில் சம்பந்தம் பேசி முடித்திருந்தது. பேச்சு அங்கேயும் எட்டி, மாப்பிள்ளையின் அம்மா ஜக்கம்மா புறப்பட்டு வந்தாள். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. மாரீஸ்வரி ரிசல்ட்டைக் காட்டினாள், டாக்டர் சீட்டைக் காட்டினாள்.

"நான் நம்புறேன் மதினி" என்றாள் ஜக்கம்மா. "எங்க சொந்தபந்தம் நம்பணும்ல? ஒவ்வொருத்தர்ட்டயும் சீட்டக் காட்டிக்கிட்டுத் திரிய முடியுமா? தையிலதான கல்யாணம். அதுக்குள்ள பழையபடி ஒடம்பத் தேத்திக்கிட்டு வந்து மணவறையில நில்லுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

அவள் போன பிறகு, தொடாத காப்பியை மாரீஸ்வரி குனிந்து எடுத்தாள். சுருளிதான் முதலில் பேசினாள். மகள் தன் பக்கம் பேசப்போகிறாள் என்று மாரீஸ்வரி நிமிர்ந்தாள்.

"தை மாசம் வரைக்குந்தானம்மா. கல்யாணம் முடிஞ்சதும் சோத்த மறுபடி நிறுத்திக்க."

மாரீஸ்வரி எழுந்து போய் தட்டு நிறையச் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சுடுசோறு, பருப்பு, நெய். அந்தச் சோறு அவ்வளவு ருசியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் கண்ணீர் வந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

நல்லகண்ணு பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்தான். பிரியாணி வாங்கி வந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொண்ணு தின்னு. கழுத்தெலும்பு இன்னும் மூடலையே" என்றான். அதுவரை அவளைத் தின்னச் சொல்லி அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

டாக்டரிடம் போவதை நிறுத்தினாள். அந்த முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. தாகம் திரும்பி வந்தது. எழுத்துகள் கலங்கின. பாதம் மரத்துப்போய், தரையில் நடந்தாலும் துணிமூட்டை மேல் நடக்கிற மாதிரி இருந்தது. ஆனால் கன்னம் உப்பியது. தோட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் தூக்குச்சட்டியோடு திரும்பி வந்தார்கள். "இப்பத்தான் மாரி மொகத்துல களை வந்திருக்கு" என்றாள் அக்கம்மாள்.

கல்யாணத்தன்று ஜக்கம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பந்தல் முழுக்கச் சுற்றினாள். சதை பிதுங்கும் புஜத்தைச் சொந்தக்காரர்கள் முன்னால் அமுக்கிக் காட்டினாள். "எங்க சம்பந்தியப் பாத்தீகளா? என்னென்னமோ சொன்னாகளே!"

புதுச்செருப்பு அன்று முழுக்கச் சுண்டுவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது. மாரீஸ்வரிக்கு வலியே தெரியவில்லை. பந்தல் பிரித்த பிறகுதான் செருப்புக்குள் ரத்தம் உறைந்திருப்பதைப் பார்த்தாள். மஞ்சளை அரைத்துப் பூசினாள். புண் ஆறவில்லை. விரல் கறுத்தது, பிறகு பாதம் கறுத்தது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் காலை எடுத்தாக வேண்டும் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

சுருளி மாமியாரோடு பார்க்க வந்தாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள். ஜக்கம்மா கட்டிலருகே உட்கார்ந்து, பெரிதாக மூச்சுவிட்டாள்.

"சக்கரைன்னு தெரிஞ்சவுக இப்பிடியா இருப்பாக மதினி? வாயக் கட்டியிருக்கலாம்ல?"

"நானும் சொல்லித்தான் பாத்தேன். எங்கன கேட்டா?" என்றான் நல்லகண்ணு.

மாரீஸ்வரி அவர்களைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். சுருளியின் முகம் உப்பியிருந்தது. வந்ததிலிருந்து மூன்று தடவை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டாள்.

"ஏத்தா, ரத்தம் குடுத்துச் சக்கரை பாத்தாகளா ஒனக்கு?"

சுருளி மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"மாசமா இருக்கிற புள்ளைகிட்ட அபசகுனமாப் பேசாதீக மதினி" என்றாள் ஜக்கம்மா. "ரெண்டு உசுருக்குத் திங்கணும் அவ."

சுருளி அதற்கு ஆமென்று தலையை ஆட்டினாள். மாரீஸ்வரி அவள் கையைப் பிடிக்க எழப்பார்த்தாள். இல்லாத காலை ஊன்றப் போய்ச் சரிந்தவளை நர்ஸ் வந்து தலையணையில் சாய்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி ஜக்கம்மா மருமகளை அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.