பாடு குலுக்கும் ஞாயிறு

1.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இக்கதை ஒட்டுக்கேட்டதிலிருந்து பிறந்தது. பொன்னேரியில், பணம் தீர்ந்துபோன ஓர் ஏ.டி.எம். வாசலில், பணம் எடுக்க வந்தவனைப் போல நின்றிருந்தேன். அங்கே செக்யூரிட்டியாக இருந்தவர் முன்னாள் ராணுவ வீரர். அவரிடம் ஓர் இளைஞன் கேட்டான்: "மிலிட்டரிக்குப் போலாமாண்ணா, வேணாமா?" பதில் வருமுன் என் பேருந்து வந்துவிட்டது. மீதியை நானே எழுத வேண்டியதாயிற்று.

2.

"பழவேற்காடு ஏரியின் மேல் பொன்னிறக் கதிர்கள் —"

[நீக்கம். கதிர்களைப் பார்க்கவா அவன் பொன்னேரிக்கு வந்தான்?]

மீண்டும்: ரஞ்சித்துக்கு இருபது வயது. வரும் ஞாயிறு காலை, ராணுவத்தில் நான்காண்டுப் பணிக்கான அக்னிவீர் ஓட்டத் தேர்வு. அதே காலையில் அவன் ஊரில் பாடு குலுக்கல்.* முழங்கால் தேய்ந்துபோன அவனுடைய நைனா முனியன், தமது இடத்தை மகனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். அவன் வந்து நிற்காவிட்டால் அது வேறு வீட்டுக்குப் போய்விடும், திரும்பாது.

* ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை கட்டுவது என்று ஊரார் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வது பாடு. மூன்று முறை பெயர் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் நிற்க வேண்டும். (ஊரை நான் உண்டாக்கியதால் இவ்விதிகளும் என்னுடையவை.)

3.

செக்யூரிட்டிக்கு ஜேம்ஸ் என்று பெயரிட்டேன்; ஏரியின் எதிர்க்கரைக்காரர். முதல் வரைவில் அவர் தேசத்தைப் பற்றி ஒரு பக்கம் பேசினார். அறிவுரை சொல்லவென்றே வரும் பாத்திரம் எழுதுபவனின் சோம்பலில் பிறப்பது என்பது என் துணிபு. ஆகவே அப்பக்கத்தைக் கிழித்துவிட்டு, அவர் கையில் டிபன் பாக்ஸைக் கொடுத்தேன்.

"ஒரு மைலு எத்தினி நிமிசத்துல ஓடறே?"

"அஞ்சேகால்ணா."

"சேத்துல ஓடின காலு. உன்னை எடுத்துடுவாங்க. அப்புறம் இன்னாத்துக்கு என்னைக் கேக்கறே?"

"நீங்க போய்ட்டு வந்தவரு. வந்தப்போ உங்க பாடு இருந்துச்சா?"

ஜேம்ஸ் சிரித்தார். "மொத லீவுல வரேன், என் எடத்துல என் மச்சான் வலை கட்டினு இருக்கான். 'வாங்க மிலிட்டரி, மீன் எதுனா வேணுமா?'ன்றான்."

"இன்னா பண்ணீங்க?"

"ஒரு கிலோ மடவை வாங்கினு வூட்டுக்குப் போனேன்." மூடியைத் திருகினார். "நான் பதினேழு வருசம் இருந்தேன், பென்சன் வந்துச்சு, எடத்தை உட்டுட்டேன். உனக்கு நாலு வருசம். அதுக்கப்புறம் நூத்துக்கு இருபத்தஞ்சு பேரத்தான் வெச்சுக்குவாங்க. மீதிப் பேரு எங்க போய் நிப்பாங்க? எனக்குத் தெரியாதுப்பா. நான் போன பட்டாளம் வேற."

"அப்போ யாரைக் கேக்கறது?"

"நாலு வருசம் முடிச்சிட்டு வந்தவனை. நம்ம பக்கம் இன்னும் எவனும் வரல."

4.

மாற்று முடிவுகள் இரண்டு. (அ) ஓடினான், தேர்வானான். (ஆ) குலுக்கலில் நின்றான், நல்ல இடம் விழுந்தது. இரண்டும் ஏற்கத்தக்கவை. ஆதலால்தான் இரண்டையும் நம்ப முடியவில்லை. இன்னொரு காட்சி எழுதிப் பார்த்தேன்.

ஜேம்ஸைப் பார்த்துவிட்டு வந்த அன்று மாலை முனியன் கேட்டார்: "மிலிட்டரிக்காரரு இன்னா சொன்னாரு?"

"தெரியாதுன்னாரு நைனா."

"பதினேழு வருசம் துப்பாக்கி புடிச்சவருக்கே தெரிலியா?" என்று அவர் உரக்கச் சிரித்தார். பிறகு முழங்காலைத் தடவியபடி, "அப்போ நல்ல ஆளுதான். எனக்கும் தெரிலடா," என்றார்.

[அவர் "போ" என்றோ "இரு" என்றோ சொல்லியிருந்தால் என் வேலை எளிதாகியிருக்கும். நான்கு முறை எழுதிப் பார்த்தேன், சொல்ல மறுத்துவிட்டார்.]

5.

ஞாயிறு காலை. ஊர் முனையில், ஓட்டத் தேர்வுக்குப் போக வேண்டிய பொன்னேரிப் பேருந்து எஞ்சினைக் கிளப்பிவிட்டது. கரையில் சீட்டுப் போட்ட குடத்தைக் குலுக்குகிறார்கள். இரண்டு சத்தமும் கேட்கும் இடத்தில் ரஞ்சித் நிற்கிறான். ஓடுவதற்கான ஷூ கையில், காலில் ஒன்றுமில்லை. கரையில் அவன் பெயரை இரண்டு முறை கூப்பிட்டாகிவிட்டது.

நான் ஓடியவனல்லன், வலை கட்டியவனுமல்லன். மூன்றாம் முறை என்னால் கூப்பிட இயலாது.

பெயர் உங்களுக்குத் தெரியும்.