போர்டு விலை

ஸ்டைலண்ணன் சவரக் கத்தியை எடுத்துவிட்டால் வாய் ஓயாது. அன்று காலை அவர் கப்சிப்பென்று நின்றது, நாற்காலியில் சாய்ந்திருந்த வங்கிக் காசாளருக்கு என்னவோ போலிருந்தது. வலது கன்னம் மழித்தாயிற்று. இடது கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. அண்ணனின் கண்ணோ, பவுடர் டப்பா மேல் சாய்த்து வைத்திருந்த போனில் இருந்தது.

"அண்ணே, ஒரு பக்கம் முடிஞ்சுது. இன்னொரு பக்கம் இன்னைக்கா, நாளைக்கா?"

"இதோ சார், ஒரே நிமிஷம்."

இந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. சலூனுக்குப் பக்கத்து ரூம் காலியாகியிருந்தது. அண்ணனின் மனைவியை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிடும். அழகுக்கலை படித்தவர். இத்தனை நாளும் வீட்டு ஹாலில்தான் தொழில். முகத்தில் பூச்சோடு ஒரு பெண் கண்மூடிப் படுத்திருப்பாள், பிள்ளைகள் அவளைத் தாண்டிப் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். தனக்கென்று ஒரு ரூம் வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டதில் என்ன தப்பு? சுவரை அளந்து, கண்ணாடி எங்கே, விளக்கு எங்கே என்று முடிவும் பண்ணிவிட்டார். அன்று சாயங்காலம் ரூம்காரர் அட்வான்ஸ் வாங்க வருவதாகப் பேச்சு. பணம் அண்ணனின் கணக்கில் தயாராக இருந்தது.

"அந்தப் பணத்துல மட்டும் கை வெச்சுடாதீங்க" என்று அண்ணி சொல்லித்தான் வைத்திருந்தார்.

"நான் ஏன்மா கை வைக்கப்போறேன்" என்று அண்ணன் சிரித்தார். மனுஷன் சிரித்த சிரிப்பைப் பார்த்து நாமும் நம்பியிருப்போம்.

கெடுத்தது மச்சினன். அக்கா புருஷனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, போனில் ஒரு ஏஐ செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். அண்ணன் அதற்குத் தம்பி என்று பெயர் வைத்து, வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அதோடு சந்தை நிலவரம் பேச ஆரம்பித்தார். வெள்ளியின் ஃப்யூச்சர்ஸ் ஆப்ஷன் வரைக்கும் போய்விட்டார். அதாவது, அடுத்த மாதம் வெள்ளியை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்கிற உரிமை. அந்த உரிமையையே சந்தையில் விற்பார்கள், வாங்குவார்கள். குறைந்த விலைக்கு வாங்கும் உரிமை என்றால் அதற்குக் காசு அதிகம். இது யாருக்கும் புரியும்.

அன்று காலை போன் திரையில் அது தலைகீழாகக் கிடந்தது. குறைந்த விலை உரிமை மலிவாக இருந்தது, கூடின விலை உரிமைக்குக் காசு அதிகம். அண்ணன் திரையைப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பி, "மலிவானதை வாங்கி, மத்ததை வித்தா கண்டிப்பா லாபம்தானே?" என்று கேட்டார். "அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள். இந்த விலைகள் உண்மையாக இருந்தால் நஷ்டமே வராது. இதற்கு ஆர்பிட்ராஜ் என்று பெயர்" என்று தம்பி ஆரம்பித்தது. அருமை என்று ஒருத்தர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யார் படிக்கிறார்கள்? அட்வான்ஸோடு சேர்த்து அண்ணிக்கு ஒரு ஃபேஷியல் நாற்காலியும் வாங்கிக் கொடுத்து அசத்திவிடலாம் என்று அண்ணன் கனவு கண்டார். நல்ல மனசுதான். அந்த மனசோடு, அட்வான்ஸ் பணத்தைத் தரகுக் கணக்குக்கு மாற்றி, இரண்டு ஆர்டரையும் தட்டிவிட்டார்.

விற்கப் போட்டது அடுத்த நொடியே விற்றுப்போனது. வாங்கப் போட்டது அசையவே இல்லை. ஒரு கால் வண்டியில், ஒரு கால் தரையில். விற்றதற்கு ஈடாக அட்வான்ஸ் பணம் முழுவதையும் தரகு நிறுவனம் பிடித்து வைத்துக்கொண்டது. வெள்ளி விலை வேறு ஏறத் தொடங்கியது. ஏற ஏற, விற்ற பக்கம் நஷ்டம்.

அண்ணனுக்கு வேர்த்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வேன் டிரைவர் உள்ளே வந்தார். கடைக்குப் புதுசு.

"முடி வெட்டணும். வெளியே போர்டுல போட்டிருக்கிற காசுதானே?"

"அது பழைய போர்டுங்க. இப்ப ரெண்டு மடங்கு."

"அப்புறம் எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க?"

"மாத்தலை, அவ்வளவுதான். போர்டுல என்ன வேணா இருக்கும். அந்த விலைக்குச் செய்ய உள்ளே ஆள் இருக்கான்னு கேட்டுட்டுத்தானே உட்காரணும்?"

சொல்லி முடித்ததும் அண்ணனுக்குத் தன் ஆர்டர் ஞாபகம் வந்தது. போனை எடுத்து, காலையில் தம்பி சொன்ன பதிலின் கடைசி வரை தள்ளிப் பார்த்தார். அங்கே பளிச்சென்று இருந்தது: "திரையில் தெரிவது கடைசியாக வியாபாரமான விலை. அது பழைய விலையாக இருக்கலாம். இப்போது அந்த விலைக்கு விற்க ஆள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்." பார்த்தார். ஒருத்தர்கூட இல்லை. அந்த மலிவு விலை முந்தின நாளோடு செத்துப்போன விலை.

"பாவி, இதை முதல்லயே சொல்லக் கூடாதா" என்று போனைத் திட்டினார்.

"சொல்லித்தானே இருக்கு அண்ணே, நீங்க படிக்கலை" என்றார் காசாளர், நுரைக்குள்ளிருந்து.

விற்றதைக் கூடின விலைக்குத் திரும்ப வாங்கிக் கணக்கை முடித்தார் அண்ணன். அட்வான்ஸில் கால்வாசி போயிற்று. காசாளரின் இடது கன்னத்தை ஒருவழியாக மழித்தார். டிரைவருக்குப் பழைய போர்டு விலைக்கே முடி வெட்டி அனுப்பினார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அண்ணியிடம் ஒன்று விடாமல் சொன்னார். மறைக்கலாம் என்ற எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அளந்து வைத்த சுவரை நினைத்தால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

அண்ணி தூக்கைக் கீழே வைத்தார். சவர பிரஷ்ஷை எடுத்துக் கழுவினார். கழுவினதையே இன்னொரு தரம் கழுவினார்.

"எனக்காகத்தான் செஞ்சீங்க, தெரியுது. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே."

"அதுக்குத்தானே கேட்கணும்."

மணப்பெண் அலங்காரத்தில் சேர்த்து, நாற்காலிக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தை அண்ணி எடுத்தார். சாயங்காலம் ரூம்காரர் அட்வான்ஸை முழுசாக வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். ரூம் வந்துவிட்டது, உட்கார நாற்காலி இல்லை.

மறுநாள் பழைய நாற்காலி ஒன்று விற்பனைக்கு என்று விளம்பரம் வந்தது. அண்ணி அண்ணனின் போனை வாங்கி, விளம்பரத்தைத் தம்பியிடம் காட்டினார். அவர் கேட்ட கேள்வியே வேறு. "இதை வாங்கினா எங்க உதைக்கும்?" தம்பி, சிக்கல் வரக்கூடிய நாலைந்து இடம் சொன்னது. உயரம் ஏற்றிவிட்டு, ஆளை உட்காரவைத்துக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னது. அண்ணி போனார், உட்கார்ந்தார். விற்கிறவர் நாற்காலியின் பெருமையைப் பேசப் பேச, அண்ணி மெதுவாக இறங்கிக்கொண்டே போய்த் தரைக்கு வந்துவிட்டார். சிரித்துக்கொண்டே எழுந்து வீடு திரும்பினார்.

சலூனுக்குள் வந்து அண்ணனின் நாற்காலியைத் தட்டிப் பார்த்தார். "இது இறங்காதுல்ல?"

அடுத்த வாரம் காசாளர் வந்தபோது சலூனில் ஒரு சாதா மர நாற்காலி கிடந்தது. வெளியே போர்டில் புது விலை.

"உங்க நாற்காலி எங்கே அண்ணே?"

"பக்கத்து ரூம்ல வேலைக்குச் சேர்ந்துடுச்சு சார். வீட்டுக்காரம்மாவுக்குப் புதுசு வாங்கித் தர்ற வரைக்கும் எனக்கு இதுதான்" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டே குனிந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்களின் சிரிப்பு கேட்டது.

காசாளர் தணிந்த குரலில் சொன்னார்: "எனக்கும் ஒரு ஏஐ, சந்தையில ஒரு விலை வித்தியாசம் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கு. கண்டிப்பா லாபம்தானே?"

அண்ணன் கத்தியைக் கீழே வைத்தார்.

"சார், வங்கியில இருக்கீங்க, உங்களுக்கு நான் சொல்றதா? 'லாபம்தானே'ன்னு கேட்டா, நாம கேட்க ஆசைப்பட்டது மட்டும்தான் நம்ம காதுல விழும். 'எங்க உதைக்கும்'னு கேளுங்க, கடைசி வரி வரைக்கும் படிங்க. அப்புறம் போனை வெச்சுட்டு, வீட்டுல ஒரு வார்த்தை சொல்லுங்க. வீட்டுல சொல்லக் கூச்சமா இருந்தா, அந்தக் காசைத் தொடவே தொடாதீங்க."

காசாளர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கன்னத்தையும் காட்டினார்.