குடிக்காத நாட்களின் டைரி

நெடுஞ்செழியன் இறந்த மறுநாள் காலையில் அவனுடைய டைரியில் ‘நாள் 612. குடிக்கல’ என்று எழுதியிருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. மந்தைவெளிக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருக்கும் அந்த ஹவுசிங் போர்டு பிளாக்கில் அன்றைக்குக் காலை எட்டு மணிக்கெல்லாம் மேளம் அடிக்க வந்தவர்கள், பாடை கட்ட வந்தவர்கள், பூ வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் என்று அத்தனை ஆண்களும் நன்றாக ஏற்றியிருந்தார்கள். தம்பி மண்ணாங்கட்டி, வாடகைக்கு வந்திருந்த ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுதபடியே அதன்மேல் தலைவைத்துத் தூங்கிப்போனான். நிதானத்தோடு இருந்த ஒரே ஆண்பிள்ளை பெட்டிக்கு உள்ளே இருந்தவன்தான். விளக்கேற்றத் தீப்பெட்டி தேடிப் போன சொர்ணம், டிவிக்குப் பின்னால் டைரி திறந்து கிடப்பதைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் பண்ணியவனின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு டீ சொல்லப் போனாள்.

அவன் தி.நகரில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்றில் லிஃப்ட் ஓட்டினான். காலை ஒன்பதரையிலிருந்து முக்காலி ஒன்றில் உட்கார்ந்து, பட்டுக்கு மூன்று, சுடிதாருக்கு நான்கு என்று பட்டனை அமுக்குவதுதான் வேலை. வேலை முடிந்தால் குடி. யாரையும் அடித்ததில்லை, ஏசியதில்லை. ஏறிவிட்டால் வீட்டுக்குள் வர வெட்கப்பட்டு இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்திலேயே சுருண்டு படுத்துவிடுவான். பிளாக்கில் உள்ளவர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போவார்கள். இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் மகள் தமிழ்நிலாவின் பிளஸ் டூ வேதியியல் பரீட்சைக்கு முந்தின நாள், ஹால் டிக்கெட் கசங்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில் அதை லேமினேஷன் போட எடுத்துப் போனவன், மறுநாள் மத்தியானம்தான் திரும்பினான். ஹால் டிக்கெட் பளபளவென்று சட்டைப் பையில் இருந்தது. அதற்குள் அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலில் நின்று கெஞ்சி, அரை மணி நேரம் தாமதமாக உள்ளே போய், வேதியியலில் மூச்சுமுட்டி பாஸ் பண்ணும் அளவுக்கு எழுதிவிட்டு வந்திருந்தாள். நினைத்த காலேஜ் கிடைக்கவில்லை. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அப்பனைப் பார்த்து ஒரே ஒரு தடவை சொன்னாள்: “ஆயிரம் நாள் குடிக்காம இருந்து காட்டு நைனா. அப்பறம் உன்னாண்ட பேசறேன்.” பிடிவாதத்தில் அப்பனையே உரித்து வைத்தவள். சொன்னபடி வாயை மூடிக்கொண்டாள்.

அடையாறில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் செவ்வாய்க்கிழமைதோறும் குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் நடக்கும். அதை நடத்தும் லாரன்ஸ் தானும் ஒரு காலத்தில் குடித்துக் கிடந்தவர். தினமும் காலையில் எழுதச் சொல்லி அவர்தான் கற்றுக்கொடுத்தார். முதலில் நாள் எண். அடுத்தது, குடித்தாயா இல்லையா. மூன்றாவது, முந்தின நாள் நடந்த நல்லது ஒன்று. வழுக்கி விழுந்தால் பக்கத்தைக் கிழிக்காதே, அதற்குக் கீழேயே மறுபடி ஒன்று என்று ஆரம்பி என்றும் சொன்னார். நெடுஞ்செழியன் இதையெல்லாம் கடை வருஷாவருஷம் கொடுக்கும் டைரியின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டான். எட்டாம் வகுப்போடு நின்ற கை. யாராவது பார்த்தால் பேனா நகராது. சொர்ணம் பால் வாங்கப் போகும் நேரம் பார்த்துத்தான் எழுதுவான். நாள் எண் தவறாமல் ஏறிக்கொண்டே போனது. மூன்றாவது வரியை மட்டும் அவன் ஒரு நாளும் எழுதவில்லை. எழுத ஒன்றும் கிடைக்காமல் இல்லை, அந்த இடத்தை அவன் எதற்காகவோ ஒதுக்கி வைத்திருக்கிறான் என்பது சொர்ணத்துக்குத் தெரியும். ஒரே அறையில் மூன்று பேர், அதில் ஒருத்தி பேசாமல், அறுநூற்றுப் பதினோரு நாள் ஓடியது. அன்றைக்கு நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், முக்காலியில் உட்கார்ந்தபடியே அவன் உயிர் போனது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை; அவரவரே எட்டிப் பட்டனை அமுக்கிக்கொண்டார்கள். லிஃப்ட் மேலும் கீழும் ஒன்பது தடவை போய் வந்த பிறகு, அம்மா கையைப் பிடித்திருந்த ஒரு குழந்தைதான் தாத்தா கண்ணை மூடவே இல்லை என்று சொன்னது.

பெட்டி பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசச் சொல்லி சொர்ணம் மகளிடம் மன்றாடினாள். தமிழ்நிலாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டைரியில் எண்கள் ஏறுவதைப் பார்த்ததும் அம்மாதான் எழுதுகிறாள் என்று சண்டைக்கு வந்தாள். பிறகு மூன்று நாள் அம்மாவை அத்தை வீட்டுக்கு அனுப்பி, பால் வாங்க அவளே போய்ப் போய் வந்து பார்த்தாள். 619, 620, 621. மூன்றாம் நாள் புது ரீஃபில் ஒன்று வாங்கி வந்து பேனாவில் போட்டாள். அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி வெளியே மூச்சுவிடவில்லை. தெரிந்தால் ஊரே கற்பூரமும் மாலையுமாக வந்து நிற்கும். கூச்சப்படுகிற மனுஷன் எழுதுவதையே விட்டுவிடுவான்.

வருஷம் முடிந்து டைரியில் பக்கம் தீர்ந்தபோது சொர்ணம் தி.நகர் போனாள். கடை மேனேஜர் கனகராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இறந்துபோன ஊழியருக்கு எதற்குப் புது டைரி என்று அவர் கேட்கவே இல்லை. “எடுத்துட்டுப் போங்கம்மா,” என்றவர், டைரியை நீட்டியபடியே, “எத்தனை தடவை ரிப்பேர் பாத்தாச்சு. அந்த லிஃப்டு நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல ஒரு நிமிசம் நின்னுட்டுத்தாம்மா போவுது,” என்றார். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்களாம். அந்த ஒரு நிமிஷத்தில் யாரும் பேசுவதில்லையாம்.

எண்ணூறு வந்தது, தொள்ளாயிரம் வந்தது. தமிழ்நிலா தினசரிக் காலண்டரில் ஆயிரமாவது நாளை முன்கூட்டியே மடக்கி வைத்தாள். அவள் உள்ளுக்குள் ஏதோ பேசிப் பார்த்துக்கொள்கிறாள் என்பதைத் தாய் கவனித்தாள். சொர்ணத்துக்கோ இரண்டு பக்கமும் இடி. மகள் வாய் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாரம் அவளைக் கடைசிவரை விடாது. ஆனால் ஆயிரம் வந்து, அவளும் பேசிவிட்டால், அப்புறம் இவன் எதற்காக எழுதுவான்?

முதல் வருஷப் படையல் 976ஆம் நாளில் வந்தது. செத்தவர் ஆசைப்பட்டதில் ஒன்று குறைந்தாலும் ஏக்கத்தோடு போவார் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். வஞ்சர மீன் வறுவல், கறிக்குழம்பு, முட்டை, வெற்றிலை பாக்கு, புது வேட்டி எல்லாம் வைத்தாகிவிட்டது. சொர்ணம் உள்ளே வடை போட்டுக்கொண்டிருந்தபோது, மண்ணாங்கட்டி இடுப்பிலிருந்து ஒரு குவார்ட்டரை எடுத்து, எவர்சில்வர் டம்ளர் நிறைய ஊற்றி, அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்தான். கடைசிக் காலத்தில் வாயைக் கட்டிப் போன அண்ணன், இன்றைக்காவது குடிக்கட்டும் என்ற பாசம்தான். கற்பூரம் காட்டி, செத்தவர் வந்து சாப்பிட வழிவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். பத்து நிமிஷம் கழித்துக் கையைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள். இலையில் எதுவும் குறையவில்லை. டம்ளர் காய்ந்து கிடந்தது.

“அண்ணன் வந்துட்டுப் போய்க்கீறாரு அண்ணி,” என்று மண்ணாங்கட்டி ஆனந்தத்தில் அழுதான்.

சொர்ணம் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தாள். “இன்னும் இருபத்திநாலு நாள்தான்டா இருந்துச்சு,” என்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைத்திருக்க வேண்டியவள் தான்தானே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊருக்கு மறைத்தது சரி, கூடப் பிறந்தவனுக்கும் மறைத்திருக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் எண் இல்லை. ‘நேத்து குடிச்சிட்டேன்’ என்று மட்டும் கோணல்மாணலாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் பக்கம் வெறுமை. அதற்கடுத்த நாளும் அப்படியே. வீட்டில் அவன் நடமாட்டம் இருந்தது என்பதே, அது அடியோடு நின்றுபோன பிறகுதான் தெரிந்தது. ஆனால் இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் எல்லோரும் ஒதுங்கிப் போக ஆரம்பித்தார்கள். தண்ணீர்க் குடம் தூக்கி வந்தவர்கள் சுவரோரமாக நகர்ந்தார்கள். மேல்வீட்டு நஸ்ருன்னிசா புர்காவை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கேட்டால் ஏன் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. தெரு நாய் அந்த இடத்தை மோப்பம் பிடித்து, சுற்றிக்கொண்டு போனது. பிராந்தி வாடை மழை பெய்தாலும் போகவில்லை. ஐந்தாம் நாள் சொர்ணம் மண்ணாங்கட்டியிடம் டைரியைக் காட்டினாள். அவன் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினான். பிறகு இறங்கிப்போய், திருப்பத்துக்கு இரண்டு படி மேலே நின்று, கீழே இறங்க முடியாமல் திரும்பி வந்தான்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துணி துவைத்துக்கொண்டிருந்த தமிழ்நிலா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சொர்ணம் மேலே கைப்பிடியைப் பிடித்து நின்று பார்த்தாள். அந்தப் பெண் மற்றவர்களைப் போல ஒதுங்கவில்லை. அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அழுக்குத் தரையில், காலை மடக்கி உட்கார்ந்தாள். ஏறி இறங்குகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற கவலை அவளுக்கு இல்லை. இரண்டரை வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த வார்த்தை அவ்வளவு சுலபத்தில் வந்துவிடுமா?

“நைனா,” என்றாள் கடைசியில். “எந்திரி. ஆயிரமெல்லாம் வேணா. நீ பெட்டில கெடந்தப்பவே பேசிருக்கணும். எனக்கு வரல நைனா. லாரன்ஸ் சார் சொன்னதத்தான் நீயே எழுதி வெச்சிக்கீறியே. உள்ள வா. ஒண்ணுன்னு எழுது, போதும்.”

அன்று மாலை விளையாடிவிட்டு வந்த பிள்ளைகள் அந்தத் திருப்பத்தின் நடுவிலேயே தடதடவென்று ஏறிப் போனார்கள். மறுநாள் சொர்ணம் பால் வாங்கிக்கொண்டு வந்தபோது டைரி திறந்திருந்தது. ‘நாள் 1. குடிக்கல.’ அதற்குக் கீழே, இத்தனை காலமாக வெற்றிடமாகவே இருந்த மூன்றாவது வரியில், ‘பாப்பா பேசிச்சு’ என்று இருந்தது. சொர்ணம் அதை நான்கு தடவை எழுத்துக்கூட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து, செத்த வீட்டில் அழாத அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள். பால் பாக்கெட் அடுப்பு மேடையிலேயே கிடந்து கெட்டுப்போனது.

இப்போது எண் முந்நூறைத் தாண்டிவிட்டது. தி.நகர் லிஃப்ட் நடுவில் நிற்பது தொடர்கிறது; அது கடைக்காரர்கள் பாடு. அடுத்த படையலுக்கு மண்ணாங்கட்டி ஒரு டஜன் பன்னீர் சோடாவுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறான். அவனும் ஒரு டைரி போட்டிருக்கிறான். அதில் நாள் ஒன்று மட்டும் பதினோரு இடத்தில் வருகிறது, ஆனாலும் ஒரு பக்கத்தையும் கிழிக்கவில்லை. தமிழ்நிலாவுக்குத் தரமணியில் வேலை கிடைத்தது. காலையில் ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடுவதற்கு முன்னால் டிவி பக்கம் திரும்பி, போய்ட்டு வரேன் நைனா, இன்னிக்கு லேட்டாவும் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவாள். மூன்றாவது வரியில் தினமும் அதே ‘பாப்பா பேசிச்சு’தான் வருகிறது. வேறு எதுவும் எழுத அவனுக்குத் தோன்றுவதில்லை.

போன மாதம் கம்பெனியில் டிரெயினிங் என்று அவளை நான்கு நாள் பெங்களூர் அனுப்பினார்கள். முதல் நாள் கழிந்து காலையில் பார்த்தபோது மூன்றாவது வரி காலியாக இருந்தது. சொர்ணம் உடனே மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். மீதி மூன்று நாளும் ஏழு மணிக்குப் பெங்களூரிலிருந்து போன் வந்தது. சொர்ணம் ஸ்பீக்கரைப் போட்டு, போனை டைரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மகள் அங்கே இட்லியில் ருசியே இல்லை என்று அப்பனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு பால் வாங்கப் போனாள். யாராவது பார்த்தால் அவனுக்கு எழுத வராது.